வியாழக்கிழமை விமானம்

விருத்தாசலத்தில் அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பொட்டிக்காரர் என்றுதான் ஊர் சொல்லும். ஜங்ஷனுக்குப் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் மூன்று குளிர்ப்பெட்டிகள் வைத்திருந்தார். இறந்தவர்களைக் கிடத்தி வைக்கும் கண்ணாடி மூடிப் பெட்டி. இரண்டாயிரத்துக்குப் பிறகுதான் அந்தப் பெட்டி எங்கள் பக்கம் வந்தது. அதற்கு முன்னால் ஐஸ் கட்டியும் மரத்தூளும்தான். வெளியூரிலிருந்து வரவேண்டிய பிள்ளை பொழுது சாய்வதற்குள் வராவிட்டால் எடுத்துவிடுவார்கள். பெட்டி வந்த பிறகு சாவு வீடுகளுக்கு இரண்டு மூன்று நாள் அவகாசம் கிடைத்தது.

என் அம்மாவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. தன் மூத்த மகன் அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனதற்கு அந்த ஆள்தான் காரணம் என்று நம்புகிறாள். அது உண்மையில்லை என்று தெரிந்தவர்கள் மூன்று பேர். அவர், என் அண்ணன், நான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இதை இப்போது எழுதுகிறேன்.

பெட்டித் தொழிலுக்கு வருமுன் அவர் செராமிக் எஸ்டேட்டில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். நான் அங்கே பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் ஒரு யூனிட்டில் சூப்பர்வைசர். எங்கள் சூளையின் பேனலில் கோளாறு வந்தால் அவரைத்தான் கூப்பிடுவோம். பெட்டி வாங்கிய பிறகும் கூப்பிட்டால் வருவார். "இந்த ஊர்ல எல்லாரும் சூடு பண்ணிப் பொழைக்கிறீங்க. நான் ஒருத்தன்தான் குளுர வச்சிப் பொழைக்கிறேன்" என்பார். சொல்லிவிட்டுச் சிரிக்க மாட்டார். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டரும் ஒரு சாக்பீஸும் இருக்கும்.

அந்த சாக்பீஸுக்கு ஒரு வேலை இருந்தது. பெட்டியைக் கொண்டுவந்து இறக்கி, கரண்டு கொடுத்து, தண்ணீர் வடிகிற குழாய்க்குக் கீழே ஒரு வாளி வைத்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "யாரு வரணும்? எங்கேருந்து?" என்பதுதான். துபாய் என்பார்கள், சிங்கப்பூர் என்பார்கள். எந்த விமானம், எத்தனை மணிக்கு ஏறுகிறார் என்று கேட்டுக்கொள்வார். கண்ணை மூடி உதட்டை அசைத்துக் கணக்குப் போடுவார். பிறகு குனிந்து பெட்டியின் பக்கவாட்டில், கால்மாட்டுக்கு அருகில், எழுதுவார்: புதன் காலை 11.40. துக்கத்துக்கு வருகிறவர்கள் மாலையைப் போட்டுவிட்டு, கும்பிட்டுவிட்டு, அந்த எழுத்தைப் படித்துவிட்டு, எப்போது திரும்பி வந்தால் எடுப்பார்கள் என்று தெரிந்துகொண்டு போய்விடுவார்கள். யாரும் வீட்டுக்காரர்களை நச்சரிக்க வேண்டியதில்லை.

பதினொன்று நாற்பது என்று எழுதினால் பதினொன்று நாற்பதுக்குக் கார் வாசலில் நிற்கும். சென்னையில் இறங்கிச் சாமான்களை எடுத்து வெளியே வர ஆகும் நேரம், திண்டிவனத்தில் டிரைவர் டீ குடிக்க நிறுத்தும் நேரம், உளுந்தூர்பேட்டைத் திருப்பம், கடைசியில் ரயில்வே கேட் போட்டிருந்தால் ஒரு பதினைந்து நிமிஷம், எல்லாம் அதில் உண்டு. விமான நிலையத்தில் ஆள் வெளியே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிந்துகொள்வதற்காகவே ஒருமுறை மீனம்பாக்கம் போய் ஒரு பகல் முழுக்க வாசலில் நின்றிருக்கிறார். யாருக்காக நிற்கிறாய் என்று போலீஸ்காரர் கேட்டிருக்கிறார். "யாருக்காகவும் இல்லீங்க" என்று உண்மையைச் சொல்லி, அரைமணி நேரம் ஓரமாக உட்கார வைக்கப்பட்டார். "அந்த அரைமணி நேரத்துல ரெண்டு பிளைட்டு போயிடிச்சி தம்பி, கணக்கு எடுக்க முடியல" என்று வருத்தப்பட்டார். உட்கார வைத்ததைப் பற்றி அவருக்கு ஒன்றுமில்லை.

கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு சாவில் கணக்கு பன்னிரண்டு நிமிஷம் பிசகியது. வந்த பையன் வழியில் இளநீர் குடிக்க இறங்கியதுதான் காரணம். காரியம் முடிந்த மறுநாள் இவர் அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். எதற்கு என்று அவர்களுக்குப் புரியவில்லை. பெட்டிக்கு ஏதோ ஆகிவிட்டது போலிருக்கிறது என்று பயந்துவிட்டார்கள்.

சேத்தியாத்தோப்பு சாவு ஒன்றை மட்டும் அடிக்கடி சொல்வார். ஒரு விவசாயி இறந்துபோனார். மகன் சிங்கப்பூரில், மகள் பண்ருட்டியில். சிங்கப்பூர் முதலில் வந்து சேர்ந்தது, பண்ருட்டி ஆறு மணி நேரம் கழித்து வந்தது. சொத்தில் ஏதோ மனஸ்தாபம். "சிங்கப்பூருக்கு நான் கணக்கு போட்டுடுவேன். பண்ருட்டிக்குப் போட முடியலியே" என்பார்.

இப்படிப்பட்டவருக்கு வேகமான விமானங்களின்மேல் பைத்தியம் வந்ததில் அதிசயமில்லை. லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு மூன்றரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த கூர்மூக்கு விமானத்தை இரண்டாயிரத்து மூன்றில் நிறுத்தியபோது, சொந்தக்காரர் போய்விட்டதுபோல் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். அதில் ஏறி விருத்தாசலத்துக்கு ஒரு பிணம் பார்க்கவும் எவரும் வந்ததில்லை, வரவும் முடியாது. அது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. "இருக்கிறதுல வேகமானத எவனாவது நிறுத்துவானா? கொறையச் சரிபண்ணுவியா, அத வுட்டுட்டு கடைய சாத்துவியா?" என்று என்னிடம் கோபித்தார், நான்தான் நிறுத்தியதுபோல.

அடுத்த வருஷம் கோடைக்குச் சற்று முன்னால் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. அமெரிக்காவில் ஆளில்லாத ஒரு சின்ன சோதனை விமானம் ஒலியைப்போல ஏழு மடங்கு வேகத்தில் பறந்தது. பெரிய விமானத்தின் இறக்கைக்குக் கீழே தூக்கிப் போய், ராக்கெட் வைத்துத் தள்ளி, அப்புறம் அதன் சொந்த எஞ்சினைக் கொளுத்திவிட்டார்கள். எஞ்சின் எரிந்தது பத்து விநாடி. அதை வெட்டி எடுத்துக்கொண்டு எங்கள் யூனிட்டுக்கே வந்துவிட்டார். சூளையிலிருந்து சுட்ட பீங்கான் வண்டியை வெளியே இழுத்துக்கொண்டிருந்த நேரம்.

"இதுல போனா அமெரிக்காவுலேருந்து சென்னைக்கு ரெண்டு மணி நேரம் தம்பி. ரெண்டே மணி நேரம்."

"சென்னையிலேருந்து இங்க?" என்றேன்.

"அது அஞ்சு மணி நேரம்தான்" என்றார், கொஞ்சமும் அசராமல். பிறகு, "மூக்கு சூட்டுல பழுத்துடுமாம், அந்த வேகத்துல. உங்க பீங்கான் தாங்குமா?" என்று கேட்டார். எங்கள் பீங்கான் மேஜையிலிருந்து விழுந்தாலே தாங்காது என்று சொன்னேன். அவர் அதையும் யோசித்துப் பார்த்தார். அவரை உறுத்திய விஷயம் வேறு. அந்த விமானம் கடைசியில் கடலில் விழுந்து முழுகிவிட்டது, அப்படித்தான் திட்டமே. "பறக்குறது சரி. எறங்கணும் இல்ல? எறங்கி வூட்டுக்கு வரணும் இல்ல?" என்று செய்தியை மடித்துப் பையில் வைத்தார்.

அதற்குச் சில வாரம் கழித்து எங்கள் பெரியம்மா சாவில் அம்மாவே அவரிடம் சகஜமாகப் பேசியிருக்கிறாள். அப்போது அம்மாவுக்கு அவரைப் பிடிக்கும். வாளித் தண்ணீரை அவரே கொண்டுபோய்க் கொட்டுகிறார், முதலாளி மாதிரி அலட்டுவதில்லை என்று புகழ்வாள்.

"எல்லாரும் ரெண்டு மணி நேரத்துல வந்துட்டா உம் பொழப்பு என்னாவறது?" என்று கேட்டாள்.

"இது ஒரு பொழப்பாம்மா? கல்யாணத்துக்கு ஐஸ்கிரீம் பொட்டி வச்சிக்கிறேன். அதே கம்ப்ரசருதான்."

அம்மா சாவு வீடு என்பதையும் மறந்து சிரித்துவிட்டாள்.

மே மாதம் அப்பா இறந்தார். செவ்வாய்க்கிழமை காலை, காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் சாய்ந்தபடியே போய்விட்டார். அண்ணன் அமெரிக்காவில் இருந்தான், போய் நான்கு வருஷம், ஒருமுறைகூட வரவில்லை. போன் போட்டேன். அழுதான். கிளம்பி வருகிறேன் என்றான். சற்று நேரத்தில் அவனே கூப்பிட்டு, டிக்கெட் கிடைத்துவிட்டது, ஜெர்மனி வழியாக வருகிறேன், வியாழக்கிழமை விடிகிற நேரம் சென்னையில் இறங்குவேன் என்றான். அம்மா போனைப் பிடுங்கி, "நீ வர்ற வரைக்கும் அவர எடுக்க வுட மாட்டேன். நீதான் கொள்ளி வைக்கணும்" என்றாள். அப்பாவுக்கு மூத்தவன் கொள்ளி, அம்மாவுக்கு இளையவன் என்பது எங்கள் வழக்கம். இரண்டு பிள்ளை பெற்றவள் அதைச் சரியாக நடத்திவிட வேண்டும் என்று நினைத்தாள். அவளுக்கு வேண்டியிருந்ததெல்லாம் அவ்வளவுதான்.

பெட்டி வந்தது. அப்பாவைக் கிடத்தினோம். பொட்டிக்காரர் வாளியை வைத்துவிட்டு வழக்கம்போலக் கேட்டார். நான் சொன்னேன். சாக்பீஸை எடுத்துக் கால்மாட்டுப் பக்கம் குனிந்தார். கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு எதுவும் எழுதாமல் சாக்பீஸைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அப்பறம் எழுதறேன் தம்பி."

இருந்த துக்கத்தில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா வருகிறவர்களிடமெல்லாம் "பெரியவன் வந்துக்கிட்டு இருக்கான், ஆகாசத்துல வரான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லும்போதெல்லாம் ஒருமுறை மேலே பார்த்தாள். கூரைதான் இருந்தது.

மறுநாள் காலை அவர் வாளி பார்க்க வந்தார். வேலை முடிந்ததும் என்னைத் தன் வண்டிப் பக்கம் கூப்பிட்டார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. ஜெர்மனி வழியா வர்ற பிளைட்டு சென்னைக்கு புதன், வெள்ளி, ஞாயிறுதான். வியாழக்கெழம அது கெடையாது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அவன் டிக்கெட்டே வாங்கிட்டான். உங்களுக்கு என்ன தெரியும்?" என்றேன்.

"எனக்குத் தெரியலன்னா நல்லதுதான் தம்பி. ஒரு போன் போட்டுப் பாத்துடுங்க. செல்லுல வேணாம், வூட்டு நம்பருக்குப் போடுங்க."

அண்ணன் அந்நேரம் விமானத்தில் இருக்க வேண்டும். வீட்டு எண்ணுக்குப் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான். என் குரலைக் கேட்டதும் "நீயா" என்றான். பிறகு சொன்னான். விசாப் பேப்பர் பாதியில் நிற்கிறது, இப்போது நாட்டைவிட்டு வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அண்ணிக்கு எட்டாவது மாதம். "அம்மாகிட்ட வரலேன்னு சொல்ல வாய் வரலடா. நாளைக்கு பிளைட்டு கேன்சல்னு சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீ எப்படியாவது சொல்லிடு" என்றான். பொய் சொன்னவனிடம் கோபப்பட முடியவில்லை. அவன் நிலைமை அப்படி. ஆனால் அதை என் தலையில் கட்டினான் பாருங்கள், அதற்கு இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் உண்டு.

நான் பேசியதை வைத்தே பொட்டிக்காரர் புரிந்துகொண்டார். நான் வண்டிச் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"பிளைட்டு கேன்சல்னே சொல்லிடறேன்" என்றேன்.

"அப்பிடி சொன்னா அடுத்த பிளைட்டு எப்பன்னு கேப்பாங்க தம்பி. அது வரைக்கும் எடுக்க வுட மாட்டாங்க. அதுவும் வராது."

"அப்ப உண்மையச் சொல்லிடறேன்."

அவர் வாசலைப் பார்த்தார். அம்மா பெட்டிமேல் கை வைத்து, புதிதாக வந்த யாரிடமோ விரலை மேலே காட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. சும்மா இருங்க. நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பெட்டியின் பின்பக்கத் தகட்டைக் கழற்றி, ஏதோ சரிபார்ப்பவர்போல ஐந்து நிமிஷம் குடைந்தார். முந்தின நாள் காலையிலிருந்து அந்த வீட்டில் பெட்டியின் ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருந்ததில் அது இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. சட்டென்று நின்றது. அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொட்டி நின்னுபோச்சிங்க. கம்ப்ரசர் போயிடிச்சி" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

மாமா பாய்ந்து வந்து அவர் சட்டையைப் பிடித்தார். வேறு பெட்டி கொண்டுவா என்று கத்தினார். மற்ற இரண்டும் வெளியூரில் இருக்கின்றன, இந்த வெயிலில் இனி ஒரு மணி நேரம்கூட வைத்திருக்கக் கூடாது என்று இவர் சொன்னார். இரண்டு பெட்டியும் கொட்டகையில் சும்மா கிடந்தன. அன்று காலை நான் அந்தப் பக்கமாகத்தான் பூ வாங்கப் போனேன், கதவு திறந்திருந்தது.

அம்மா எழுந்து வந்து அவர் முன்னால் நின்றாள். "எம் புள்ள பாதி வழியில வரான்யா. ஒரு நாளு. ஒரே ஒரு நாளு தாங்காதா உம் பொட்டி?"

"தாங்காதும்மா."

"கெட்டுப்போன பொட்டியக் கொண்டாந்து எந்தலையில வச்சியே, நீ நல்லா இருப்பியா?"

அவர் குனிந்து வாளியை எடுத்துக்கொண்டார். சட்டையில் இரண்டு பொத்தான் அறுந்திருந்தது. அன்று மதியமே மணிமுத்தாற்றங்கரைக்குக் கொண்டுபோனோம். இளையவனான நான்தான் கொள்ளி வைத்தேன். சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அவன் "அப்படியா" என்று மட்டும் சொன்னான். அதில் ஒரு நிம்மதி இருந்தது, அது எனக்குக் கேட்டது. மறுநாள் அம்மாவிடம் பேசும்போது பாதி வழியிலிருந்து திரும்பிவிட்டதாக அவனே சொல்லிவிட்டான்.

பொட்டிக்காரரின் பெட்டி நின்றுபோன கதை இரண்டு நாளில் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கோடை முழுவதும் அவரைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இன்னொருவர் புதுப் பெட்டிகள் இறக்கினார். அம்மா தன் பங்குக்குப் போகிற சாவு வீடுகளிலெல்லாம் சொல்லி வைத்தாள். நான் அவளைத் தடுக்கவில்லை. தடுத்தால் ஏன் என்று கேட்பாள்.

அவர் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வருஷக் கடைசியில் ஒருநாள் டீக்கடையில் பார்த்தபோது, "ஏழு போயி பத்து மடங்கு ஆயிடிச்சி தம்பி, பேப்பர் பாத்தீங்களா? அதே மாதிரி பிளைட்டுதான்" என்றார் உற்சாகமாக. நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். "அண்ணே, அன்னிக்கி நீங்க ஏன்..." என்று ஆரம்பித்தேன்.

"அத வுடுங்க" என்றார். கொஞ்சம் கழித்து, "வியாழக்கெழம இல்லன்னு சொன்னன் இல்ல? கணக்கு சரிதான?" என்று கேட்டார். சரி என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை, இன்றைக்கும் போதவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அண்ணன் வந்தான். பேப்பர் எல்லாம் சரியாகிவிட்டது, அண்ணியும் குழந்தையும் கூட. அம்மா மூன்று பேரையும் பழமலைநாதர் கோயிலுக்கு அழைத்துப் போனாள், நானும் போனேன். கும்பிட்டுவிட்டு வெளியே வருகிறோம், கோபுர வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறார் பொட்டிக்காரர். அம்மா அண்ணன் கையைப் பிடித்து இழுத்துப்போய் அவர் முன்னால் நிறுத்தினாள்.

"இந்த ஆளுதான். ரெண்டு வருஷமா மனசுல வச்சிக்கிட்டு இருக்கேன். கேளுடா."

அண்ணன் வெளிறிப்போனான். அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழி இல்லாமல், "உங்க பொட்டியாலதாங்க எங்கப்பா மொகத்த நான் பாக்க முடியாம போச்சு" என்றான். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அம்மாவுக்கு அது துக்கமாகத் தெரிந்திருக்கும்.

பொட்டிக்காரர் கைகூப்பினார். "தப்புதாங்க சார். மன்னிச்சிக்குங்க." பிறகு, கை கூப்பியபடியே, நிஜமான ஆசையோடு கேட்டார்: "இந்தவாட்டி எத்தினி மணி நேரம் ஆச்சுங்க?"

அண்ணன் ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டான். அவர் அந்த எண்ணை மனதில் வாங்கிக்கொண்டு தலையாட்டினார். அம்மாவுக்கு ஆறவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"நீ என்னாடா, வாயில கொழுக்கட்டையா? கொள்ளி வச்சவன் நீ. நீயும் கேளு அவன."

அவர் என்னைப் பார்த்தார். அம்மாவுக்குத் தெரியாமல், கேளுங்க என்பதுபோல லேசாகக் கண்ணை மூடித் திறந்தார்.

நானும் கேட்டேன்.